நைட் ஷிஃப்ட்

திங்கள், இரவு.

இன்று பகலில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். என் மகள் ஜெனி ஒழுங்காகப் பள்ளிக்குப் போவதில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உள் அறையில் போதை மாத்திரை போட்டுவிட்டுக் கிடந்தேன். எழ முடியவில்லை. காது மட்டும் கேட்டது.

"அப்பா எங்கம்மா?"

"நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து தூங்கிகினு இருக்காருங்க" என்றாள் ஜெனி. மூன்றாவது படிக்கிறாள்.

நிலக்கரி மைன்ஸில் என் காண்ட்ராக்ட் வேலை போய்விட்டது அவளுக்குத் தெரியும். நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுத் தூங்குகிறவனை இந்த ஊரில் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதும் தெரியும். அந்த அம்மாவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உன்னை நல்லா பாத்துக்கிறாரா? பயப்படாம சொல்லும்மா. உன்னைப் பாத்துக்கச் சட்டம் இருக்கு."

"நல்லா பாத்துக்கிறாருங்க."

இன்னும் நன்றாகப் பொய் சொல்லடி என்று படுத்தபடியே வேண்டிக்கொண்டேன். பெற்றவன் வேண்டிக்கொள்கிற லட்சணம்.

"சரி, எப்ப வந்தா அப்பா முழிச்சிருப்பாரு?"

ஜெனியின் காலடி உள் அறை வாசல்வரை வந்து திரும்பியது. அப்புறம், "தெரியலைங்க" என்றாள்.

அது பொய் இல்லை.