அடுப்புக்குள் சிலுவை

12 மார்ச் 1974, செவ்வாய். வில்லியனூர்.

இன்று ரொட்டி அருமையாக வெந்தது. அதுதான் வம்பு.

என் ரொட்டிக் கடை அடுப்பில் பாதிக் கரி எரியாமலே சாம்பலில் விழுகிறது என்று, கரிக்கு அடியில் போடக் கம்பிகளை நெருக்கிவைத்துப் புதுக் கிராதி ஒன்று இரும்பு ஆசாரியிடம் செய்யச் சொல்லியிருந்தேன். அதே ஆசாரியிடம் பங்குச் சாமியாரும் தன் அறை ஜன்னலுக்குக் கிராதி கேட்டிருக்கிறார், நடுவில் சிலுவை வைத்து. இரண்டுக்கும் பேர் கிராதிதான், அளவும் ஒன்று. நான் வெளியே போயிருந்த நேரம் ஆசாரியின் மச்சான் மாற்றி மாட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

திரும்பி வந்தால் அடுப்பு பாதிக் கரியிலேயே திகுதிகுவென்று எரிகிறது. கம்பிகளுக்கு நடுவே சந்து பெரிதானதால் காற்று தாராளமாக ஏறுகிறது. என் பெண்டாட்டி மேரிதான் குனிந்து பார்த்துவிட்டு அலறினாள்.

"இன்னாங்க இது! உள்ள சிலுவை செவசெவன்னு நிக்குது! தவக்காலம் வேற!"

அணைக்கலாம் என்றால் உள்ளே ரொட்டி இருக்கிறது.

மாலையில் சாமியாரே வந்தார். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எப்பிடிப்பா இவ்ளோ நல்லா வெந்துது?" என்றார்.

"எல்லாம் சிலுவையோட மகிமை, சாமி" என்று வாய் தவறி வந்துவிட்டது. மேரி உள்ளே ஓடிப்போனாள்.

"என் ஜன்னலத்தான் ஜெயிலாட்டம் பண்ணி வச்சிருக்கான். காத்தே வரல" என்று புலம்பிக்கொண்டே போனார்.

மாற்றிக் கொடுத்தால் இந்தத் தீ போய்விடும். மாற்றாமல் இருந்தால் பாவமா, இல்லையா? கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், ஊரில் இருப்பது அந்த ஒரே சாமியார்தான்.