எங்கள் தெருவைச் சொல்ல வந்தவள்

ஜனவரி 12, ஞாயிறு

லால்பாக், திப்பு அரண்மனை, விதான சௌதா வாசல், கப்பன் பார்க். டூரிஸ்ட் பஸ் கைடாக பத்தொன்பது வருடமாக அதே சுற்று. முப்பத்தைந்து சீட் பஸ்ஸில் இன்று பதினொரு பேர். டிராஃபிக்கில் மியூசியம் விட்டுப்போனது. கோவைக்காரர் ஒருவர் ஐ.டி. கட்டடங்களை மட்டும் காட்டினால் போதும் என்றார். அவர் மகனுக்கு அங்கே வேலை வேண்டுமாம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எங்கள் பிரேசர் டவுன் தெருவில் நாற்பது பேர் கூட்டம். நடுவில் ஒரு பெண், சட்டையில் குத்திய சின்ன மைக்கில் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவைப் பற்றி. யார் இவள்?

ஜனவரி 14

பெயர் வைஷ்ணவி. கரூர்க்காரி. வெளிவட்டச் சாலையில் கம்பெனி வேலை. இந்த ஊருக்கு வந்து மூன்றே வருடம். ஞாயிறுதோறும் வெள்ளைக்காரர் காலத்துக் கன்டோன்மென்ட் தெருக்களில் ஆட்களை அழைத்துக்கொண்டு நடக்கிறாள்.

பீன்யா பாக்டரியில் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் நரேஷ், சட்டையைக்கூட மாற்றாமல் அவள் வீடியோவை இரண்டு முறை பார்த்தார்.

"நல்லா சொல்லுதுல்ல இந்தப் பொண்ணு?"

"நான் இங்கயே பொறந்தவ."

"அத யாரு இல்லன்னா?"

பத்தொன்பது வருடத்தில் என் பேச்சை ஒருமுறை பஸ்ஸில் வந்து கேட்டிருப்பாரா இவர்?

ஜனவரி 19, ஞாயிறு

லால்பாக் மலர்க்காட்சி. பஸ் நிறைந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் திரும்பி வந்ததும் முதலாளி கோவிந்தப்பா கூப்பிட்டார். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார்.

"ஏனம்மா சோனியா, அந்த வாக்கிங் பொண்ணு நம்ம பஸ்ஸுக்கு வருவாளா, கேட்டுப் பாக்கறியா? ஜனங்களுக்கு ஹொசதா ஏதாவது வேணுமே."

ஹொசது. புதுசு. அப்போ நான் பழசு.

கேட்டுப் பார்க்கிறேன் சார் என்றேன். கேட்க மாட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தின அணிவகுப்பு. பஸ் பத்து மணிக்குத்தான். அவள் கூட்டத்தில் போய் நின்றேன், தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு. தப்புக் கண்டுபிடிக்கத்தான் போனேன். மறைப்பானேன்?

தப்பில்லை. 1898 பிளேக்கைச் சொன்னாள். நெரிசலான சந்துகளில் ஜனங்கள் செத்ததையும், அதன் பிறகு காற்றோட்டமாக இந்தத் தெருக்களைப் போட்டதையும் சொன்னாள். குரலை உயர்த்தவே இல்லை. ஐ.டி. பையன்கள் போனைப் பையில் போட்டுவிட்டுக் கேட்டார்கள். என் முன்னால் யாரும் போனைப் பையில் போட்டதில்லை.

பிறகு ஒரு காகித நகலை விரித்தாள். பழைய சர்ச் திருமணப் பதிவேடு. "இந்தத் தெருவுல மாசிலாமணின்னு ஒருத்தர் இருந்திருக்கார். தொழில்னு எழுதியிருக்கிற இடத்துல, பிளேக் முகாமில் பிணம் சுமந்தவர்னு இருக்கு. பெத்த புள்ளைங்களே தொட பயந்த உடம்புங்கள அவர் தூக்கியிருக்கார். இந்த ஊர் திரும்ப எழுந்து நின்னதுல அவர் தோளும் இருக்கு."

பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

மாசிலாமணி என் அப்பாவின் தாத்தா. வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தார் என்றுதான் அப்பா சொன்னார். அதைத்தான் நானும் பஸ்ஸில் பெருமையாகச் சொல்லி வருகிறேன்.

பிணம் சுமந்தவர். அது வெட்கமாக இருந்தது. அதைவிட, அதை அவள் கண்டுபிடித்தது. என் ரத்தத்தை என்னிடமே சொல்ல கரூரிலிருந்து ஒருத்தி வர வேண்டுமா?

ஜனவரி 28

கைடுகள் சங்கச் செயலாளர் பாலசுப்ரமணியத்துக்கு ஒரு கடிதம். லைசென்ஸ் இல்லாத ஒருத்தி எங்கள் பிழைப்பில் கை வைக்கிறாள் என்று. என் பெயரைப் போட்டுத்தான் எழுதினேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் எழுதினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தெருவில் யாரும் இல்லை. சங்கத்திலிருந்து அவளுக்குப் போன் போட்டு, போலீசுக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நிறுத்திவிட்டாள்.

ஜன்னலில் நின்று காலித் தெருவையே பார்த்தேன். இட்லி நன்றாக வந்திருந்தது. ரெண்டு அதிகமாகவே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, சனி

கதவைத் தட்டியது அவள்.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. மாசிலாமணின்னு ஒருத்தரோட குடும்பத்த தேடறேன். முனை பேக்கரில உங்க வீட்டக் காட்டுனாங்க. நடைய நிறுத்திட்டேன். ஆனா இந்தக் காயிதம் என்கிட்ட இருக்கறது சரியில்லன்னு பட்டுச்சு. வீட்டுக்காரங்களுக்குத்தான சேரணும்."

கையில் அந்த நகல். கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தாள்.

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். இங்கே ஒற்றை அறையில் இருக்கிறாளாம், தண்ணீர் லாரி வராத நாளில் ஆபீசில்தான் குளியலாம். நடந்து பார்த்தால்தான் இந்த ஊர் பிடித்ததாம். "நிறுத்தச் சொன்னது யாருன்னு தெரியலக்கா. யாரையோ நோகடிச்சிருக்கேன் போல."

காலி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனேன்.

பிப்ரவரி 16

ஏன் வந்தா இவ. ஏன் காயிதத்தக் குடுத்தா. வச்சுக்கிட்டு இருக்கக் கூடாதா.

பிப்ரவரி 18

ஆபீசுக்கு லீவு. அவள் கம்பெனி வாசலுக்கே போனேன். மத்தியான வெயிலில், டீக்கடை ஓரத்தில் நின்று சொன்னேன். "கடிதம் எழுதினது நான்தான்."

"நான் உங்க வீட்டுல காபி குடிச்சேனே அக்கா," என்றாள். அவ்வளவுதான். அடையாள அட்டையை வாசல் மெஷினில் தேய்த்துவிட்டு உள்ளே போனாள்.

திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 20

பாலசுப்ரமணியத்திடம் நேரில் போய், புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்தேன். "என்னம்மா, ஒங்களுக்கே ஒரு முடிவில்லையா?" என்றார். லைசென்ஸ் வாங்கும் விண்ணப்பத்தையும் வாங்கி, உறையில் போட்டு அவள் பெயருக்கு அனுப்பினேன்.

கோவிந்தப்பாவிடமும் உண்மையைச் சொன்னேன், அவளைக் கேட்கவே இல்லை என்று. பஸ் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை இன்னும் இருக்கிறது. எத்தனை நாளைக்கோ.

மார்ச் 9, ஞாயிறு

பதில் இல்லை.

மார்ச் 19

வைஷ்ணவியிடமிருந்து போன் வந்தது. "விண்ணப்பம் போட்டுட்டேன். சங்கத்துல, நடத்துறதுக்குத் தடையில்லன்னு சொல்லிட்டாங்க. வர்ற ஞாயிறு நடை இருக்கு. மாசிலாமணி பத்தி நான் இனிமே சொல்ல மாட்டேன். சொன்னா நீங்கதான் சொல்லணும்." குரலில் சிரிப்பில்லை. வைத்துவிட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

என் வீட்டு வாசலில் சொன்னேன். மைக் இல்லாமல். என் அப்பா பட்லர் என்று சொன்னதையும், அதை நான் நம்பியதையும், பிணம் சுமந்தவர் என்று தெரிந்ததும் முதலில் வெட்கப்பட்டதையும். அவர் எப்படிச் செத்தார் என்று ஒரு பையன் கேட்டான். தெரியாது என்றேன். ஆனால் எண்பது வயதுவரை இந்த வீட்டில்தான் இருந்தார் என்றேன். வீட்டைத் திறந்து காட்டினேன். எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

வைஷ்ணவி மட்டும் வாசலிலேயே நின்றாள். கூட்டம் வெளியே வந்து என்னைச் சூழ்ந்துகொண்டது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு கதவின் நிலையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு சொன்னாள்: "ஆயிரம் காயிதம் படிக்கலாம்க்கா. இப்படிக் காட்ட எனக்கு இந்த ஊர்ல ஒரு வீடு கெடையாது."

எனக்குத் தெரிந்த குரல்தான் அது. இரண்டு மாதமாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த குரல்.

"உள்ள வா," என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, செருப்பைக் கழற்றினாள்.