தேனரசியின் புது மாஸ்க்

ஏனுங்க தங்க மாமா,

நம் மகள் தேனரசி நாளைக் காலையில் வேலைக்குச் சேர்கிறாள். உங்கள் பிளான்ட்டில்தான். நீங்கள் போனதற்காக வீட்டில் ஒருவருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். சாணக் கேஸைச் சுத்தம் செய்து, கோயமுத்தூருக்குப் போகிற குழாயில் விடுகிற அதே இடம். நீங்கள் பார்த்த இரும்புத்தூள் தொட்டியையே அவளும் பார்க்க வேண்டுமாம்.

"கெட்ட வாயுவ அந்தத் தூள்தாம்மா புடிச்சு வெக்குது. தொட்டியத் தொறக்கறப்ப மாஸ்க்கக் கழட்டாம இருந்தா ஒண்ணும் ஆகாது" என்கிறாள். புது மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, "யானைக்குட்டியாட்ட இருக்கறனா?" என்று சிரிக்கிறாள்.

போனை கேட்டிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போ என்றேன்.

"மத்த அம்மாவெல்லாம் போன் எடுக்கலீன்னாத்தான் திட்டுவாங்க. நீ என்னம்மா, போனே வேண்டாங்கறே?"

நான் மாவு கரைக்கப் போய்விட்டேன்.

அவளிடம் நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் தொட்டியைத் திறந்து தூள் மாற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், சாப்பிட்டீர்களா என்று கேட்கப் போனில் கூப்பிட்டேன். "சாப்டுபோட்டேன் கண்ணு" என்றீர்கள். பக்கத்தில் நின்று சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் சத்தமே இல்லை. மாஸ்க் கழுத்தில் தொங்கியதாக, உங்களைத் தூக்கி வந்தவர்கள் சொன்னார்கள்.

மாஸ்க்குக்குள் இருந்து பேசினால் குரல் அத்தனை தெளிவாகக் கேட்குமா, மாமா?

உங்கள் அம்மணி