அப்பாவின் வலையில் விழுந்த கோல்

மாங்கேணி,
12.07.2003

அன்பு மகன் யோகராசாவுக்கு,

அம்மா சீதேவிப்பிள்ளை சொல்லச் சொல்ல, தம்பி தவேந்திரன் எழுதிக்கொள்வது. உற்றார், உறவினர், கட்டாரில் வெயில் காய்வோர் அனைவருக்கும் இத்தால் அறியத் தருவது யாதெனில், மூன்று கிழமையாகத் தலைமறைவாகியிருந்த எங்கள் செங்கோழி நேற்றுப் பின்னேரம் ஒன்பது குஞ்சுகள் புடைசூழ, சகல மரியாதைகளுடனும் வீடு திரும்பியது. இந்த இடத்தில் அம்மா, முதல்ல சுகத்த எழுதடா எண்டு அகப்பையைத் தூக்குகிறார். ஆகவே நாங்கள் எல்லோரும் நல்ல சுகம், நீங்களும் அங்கே தலையிடி காய்ச்சல் இல்லாமல் இருக்கக் கண்ணகை அம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறாராம். ஆற்றில் இந்த மாதம் இறால் பரவாயில்லை, அப்பாவின் முழங்கால் வலியும் பரவாயில்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் பாணைக் கடித்துவிட்டுப் படுக்க வேண்டாம், ஒரு பிடி சோறாவது ஆக்கிச் சாப்பிடு என்று அம்மா சொல்கிறார்.

இனிப் பெரிய செய்தி. எங்கள் பள்ளிக்கூடம் உதைபந்தாட்டத்தில் மாவட்டச் சாம்பியன்! நீங்கள் படித்த காலத்தில் மைதானத்தில் பந்து ஓடியதைவிடச் சனம் ஓடியதுதான் கூட. இப்போது சண்டை நின்று பாதை திறந்தபடியால் முதல் தடவையாக எங்கள் பெயரையும் கொடுத்தோம். ஐந்து ஆட்டம், ஒன்றிலும் தோற்கவில்லை. வகுப்பில்தான் நான் குந்துவது பின்வாங்கு, விளையாட்டில் நான் பின்வாங்குகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இறுதி ஆட்டம் ஓட்டமாவடிப் பொடியன்களோடு, அதுவும் எங்கள் ஊர் மைதானத்தில். கோல் கம்பத்துக்கு வலை கட்டாவிட்டால் ஆட்டம் இல்லை என்று கடிதம் வந்தது. எங்களைப் பழக்குகிற கனகசிங்கம் சேர் எங்கே போவார், நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். அப்பா முதலில், வலை மீனுக்கு, பந்துக்கு இல்ல சேர் என்றார். மறுகா என்ன நினைத்தாரோ, அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் தானே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஒரு பக்கத்துக் கம்பத்தில் கட்டினார். மற்றப் பக்கத்துக்குப் பனிச்சங்கேணியிலிருந்து ஒரு பழைய வலை வந்தது. அப்பா கட்டியதோடு போனாரா? ஆட்டம் முடியும் மட்டும் தன் வலைக்குப் பின்னால் காவல் நின்றார். ஓட்டமாவடிக் கோல் காப்பாளன் சாலிஹ் என்று ஒருவன், என்னடா, கோல் அடிக்கவா மீன் புடிக்கவா கட்டியிருக்கீங்க எண்டு நக்கல் அடித்தான். உன்னத்தான் மச்சான் புடிக்க எண்டு நான் சொன்னேன். இரண்டாம் பாதியில் அவன் நின்றது அப்பாவின் வலைக்கு முன்னால். நாங்கள் பந்தை உதைக்க உதைக்க, மெல்ல அடிங்கடா மக்காள், கண்ணி அறுந்திரும் எண்டு அப்பா கத்துகிறார். சொந்த மகன் கோல் அடிக்கக் கூடாது என்று கத்திய தகப்பன் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். ஒன்றுக்கு ஒன்று சமம், முடிய இன்னும் நாலு நிமிடம். அப்போதுதான் மூலையிலிருந்து வந்த பந்தை உங்கள் தம்பி தலையால் ஒரு அடி! சாலிஹ் ஒரு பக்கம் பாய, பந்து மற்றப் பக்கத்தால் வலைக்குள். ஊரே துள்ளிக்கொண்டு உள்ளே வந்தது, அப்பா மட்டும் குந்தியிருந்து கண்ணி எண்ணினார். காலால் விளையாடி வாங்கிய கப்பைப் பற்றித்தான் இப்போது கையால் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் கொழும்பில் அகில இலங்கைப் போட்டி. பத்து நாள் தங்க வேண்டும், பெற்றார் கையெழுத்து இல்லாமல் சேர் ஒருவரையும் கூட்டிப் போக மாட்டாராம். அம்மா சொல்வது: தம்பி கொழும்புக்குப் போக எனக்கு முழுச் சம்மதம், அவன் கெட்டிக்காரன், நீயும் ஓம் என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதே மகன். கடிதம் கிடைத்த அன்றே பதில் போட மறவாதே. போகிற வழியெல்லாம் அம்மன் உனக்குத் துணை நிற்பாள்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சீதேவிப்பிள்ளை

அண்ணா, இது நான் தனியாக எழுதுவது. அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது தன் பெயர் மட்டும்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது முழுக் கடிதத்தையும் வாசித்துக் காட்டச் சொன்னார். கொழும்பு வந்த இடத்தில் நான் ஒரு பத்தியைத் தாண்டிப் போனேன். அவர் பேனையை வாங்கி, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிவிட்டு, என்ட புள்ள வடிவா எழுதியிருக்கான் எண்டு என் தலையைத் தடவினார். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மா உண்மையில் சொன்னது இதுதான்: ஒருத்தனக் கண் காணாத இடத்துக்கு அனுப்பிப்போட்டு இருக்கன், இவனையும் அவ்வளவு தூரம் விட எனக்கு நெஞ்சு இடிக்குது, மூத்தவன் என்ன சொல்றானோ அப்படிச் செய்வம். கெட்டிக்காரன் என்று அவர் சொல்லவே இல்லை. அந்தக் கோலும் நான் அடித்தது இல்லை. மெல்ல அடிங்கடா எண்டு கத்தின அப்பாவைப் பார்த்து, சும்மா இருங்கப்பா எண்டு சொல்லத் திரும்பினேன், பந்து வந்து பிடரியில் உரசித் தானாக உள்ளே போனது. போன பிறகுதான் எனக்கே தெரியும். கொழும்புக்கும் சேர் என்னை மேலதிக ஆளாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்குப் போக ஆசைதான் அண்ணா, அதில் பொய் இல்லை. உங்கள் பதிலையும் அம்மாவுக்கு வாசிக்கப் போவது நான்தான். வேண்டாம் என்று எழுதியிருந்தால் வேண்டாம் என்றே வாசிப்பேன்.

தவேந்திரன்