புத்தகத்தில் இறந்துபோன உன் அப்பா

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். உன் அப்பாவும் சுகம். அப்பா சுகம் என்பதை இன்னொரு தடவை அழுத்தி எழுதுகிறேன், ஏனென்று உனக்கே தெரியும். நீ தொண்டை கெடாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாயா.

நீயும், உன்னைப் போலக் கம்பெனி எதிலும் சேராமல் தானே பாட்டுக்கட்டித் தானே பாடுகிறவர்களும் சேர்ந்து போட்ட கவிதை, கட்டுரைப் புத்தகம் வந்தது. உங்களைச் சுயேச்சைப் பாடகர்கள் என்று அட்டையில் போட்டிருக்கிறது. சுயேச்சை என்றால் தேர்தலில் டெபாசிட்டைப் பறிகொடுக்கிறவர் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் அக்கா உட்கார்ந்து முழுசும் வாசித்துக் காட்டினாள். ஒரு வரிக்கு ஒரே சொல், அதற்குக் கீழே பாதிப் பக்கம் வெள்ளை, உன் அப்பா துணியை இப்படி வீணாக்கியிருந்தால் தையல்கடையை என்றைக்கோ மூடியிருப்போம். நிலா வெளிச்சத்தில் பாட்டு எழுதினாயாம். நீ பிறக்கும் முன்பே நம் வீட்டில் கரண்ட் இருந்தது, ஃபேன் நின்றால் ஊரைக் கூட்டி அழுத பிள்ளை நீ. அம்மாவின் மௌனம் என்று ஒரு கவிதை வேறு. மாடியில் குடியிருக்கிறவள் அதைக் கேட்டுச் சிரித்ததில் புரையேறி, நான்தான் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தேன். தெருவில் வளர்ந்ததாக எழுதியிருக்கிறானே உன் டிரம்ஸ்காரன், அவன் அம்மா பல் டாக்டர், போனில் என்னிடம் ஒரு மூச்சு அழுதாள். அவன் நம் வீட்டில் மாசக்கணக்கில் தின்று தூங்கியதை நான் மறக்கவில்லை. நன்றி சொன்ன பக்கத்தில் உங்கள் பூனைக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை, அதையும் மறக்க மாட்டேன்.

அதெல்லாம் போகட்டும், அப்பா இல்லாத வீடு என்று எழுதினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் உனக்குப் பாடம் எடுத்த டீச்சரம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறார், துக்கம் கேட்க. உள்ளே பார்த்தால் மிஷினில் உன் அப்பா. என்ன டீச்சர் பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க என்று இவர் கேட்க, பாவம், ரவிக்கை அளவு சொல்ல வந்தேன் என்று சமாளித்துவிட்டுப் போனாராம். போனில் உன்னைக் கேட்டால், எழுத்தில் வரும் நான் நானில்லை, அப்பா அப்பாவில்லை என்கிறாய். அப்படியானால் அட்டையில் சொந்த அனுபவங்கள் என்று எதற்குப் போட்டீர்கள்? அக்கா வாசித்தபோது உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடைசியில், நல்லாத்தான் எழுதிருக்கான், எதுல செத்தேன்னு மட்டும் போடலையே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு, என் பாட்டை அவர் ஒருநாளும் கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். இது நெசந்தான், மிஷின் சத்தத்துல எங்க கேட்டேன், நேர்ல போய் உக்காந்து கேட்டுருவோம் என்றார்.

நீயோ அக்காவுக்குப் போன் போட்டு, நாங்க பாடப்போற புத்தக விழாவுக்கு அப்பாவைக் கூட்டிட்டு வராத, எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க என்றிருக்கிறாய். அக்கா அதை என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? ஊரார் துணியை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதல் தடவையாகத் தனக்கென்று ஒரு சட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார். முழுக்கையா அரைக்கையா, பாட்டுக் கச்சேரிக்கு எது மரியாதை என்று என்னைக் கேட்கிறார்.

ஆகையால் நாங்கள் வருகிறோம். நீ வாசலில் நின்று அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், இவர்தான் என் அப்பா என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அதற்கு அப்புறம் மேடையில் எதை வேண்டுமானாலும் வாசி. செத்தவர் எப்படி வந்தார் என்று யாராவது கேட்டால், ரயிலில் வந்தார் என்று சொல்.

நோய் நொடி இல்லாமல், பேரோடு நன்றாக இரு. அவருக்கு இடது காது மந்தம், வலது பக்கம் ஸ்பீக்கர் இருக்கிற மாதிரி நாற்காலி பார்த்து வை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்