பெயர்கள் என்னிடமே இருக்கட்டும்

13 பிப்ரவரி 2024, செவ்வாய்

ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது வலிப்பு வந்துவிட்டது. ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்திய செவ்வாய், ஊரே க்ரீம் பன்னுக்கு நிற்கிறது. முதலில் வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்பியது. கருகிய சர்க்கரை வாசனை. அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது. நினைவு வந்தபோது என் கோட்டெல்லாம் க்ரீம், யாரோ ஒரு பெண் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். உதட்டைச் சப்பிக்கொண்டு, அவள் பையிலிருந்த பன்னை எடுத்துப் பிசைந்திருக்கிறேன்.

என் கணவன் சிக்ஸ்டென் வந்து கூட்டிப்போனான். கோட்டை அவனே துவைத்தான்.

இந்த மாதம் ஏழாவது. மாதம் பாதிகூட ஆகவில்லை.

27 பிப்ரவரி

லுண்ட் மருத்துவமனையில் டாக்டர் எப்பேயைப் பார்த்தோம். ஐந்தாவது மாத்திரையும் பயனில்லை என்பதை அவரே சொல்லிவிட்டார். மூளையின் இடது பக்கம், காதுக்கு நேராக உள்ளே ஒரு சின்ன இடம். அதை வெட்டி எடுத்தால் வலிப்பு நிற்க நல்ல வாய்ப்பு உண்டாம்.

"ஆனா பேர்கள் போகலாம்" என்றார்.

"என்ன பேர்?"

"எல்லாப் பேரும்தான். பொருள் தெரியும், முகம் தெரியும், பேர் வாய்க்கு வராது. உங்க வேலை என்ன?"

நான் நாற்றுப்பண்ணையில் வேலை செய்கிறேன். இருபத்திரண்டு வருடமாக. ஆப்பிளில் மட்டும் அறுபது வகைக்குப் பெயர் சொல்வேன், இலையைப் பார்த்தே. ஆள்கள் அதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள். அதைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

பிறகுதான் இன்னொன்றைச் சொன்னார். அந்த இடத்தில், மற்ற நரம்புகளை அடக்கிவைக்கிற செல்கள் அழிந்துபோயிருக்கின்றன. அதே வகைச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஊசி வழியாக அங்கே வைக்கிறார்கள். எதையும் வெட்டி எடுப்பதில்லை. இங்கே இதுவரை மூன்று பேருக்குச் செய்திருக்கிறார்கள்.

"பலன் தருமான்னு கேக்காதீங்க. அதைத் தெரிஞ்சுக்கத்தான் செய்யறோம். தந்தாலும் மாசக்கணக்கா ஆகும். அந்தச் செல்கள் மெதுவாத்தான் வளரும்."

மெதுவாக வளர்வது எனக்கு ஒன்றும் புதிதல்ல.

3 மார்ச்

சிக்ஸ்டெனிடம் மூன்று முறை கேட்டுவிட்டேன். "நீ என்ன நினைக்கிற?"

"உன் தலை. நீ எதைச் சொன்னாலும் நான் கூட வரேன்."

நல்ல பதில்தான். ஆனால் ஒரு பதிலா அது? பட்டறைக்குப் போய் மரத்தை இழைக்க ஆரம்பித்துவிட்டான். அவன் பயப்படுகிறான் என்று இழைப்புளியின் சத்தத்திலேயே தெரிந்தது.

செல் வைக்கும் ஆய்வுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

19 மார்ச்

முதலாளி போடிலிடம் சொல்லவேண்டிய நாள். வைத்த செல்களை உடம்பு விரட்டாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தருவார்கள். அதனால் ஒரு வருடம் மண், உரம், பூஞ்சை எதன் பக்கமும் போகக்கூடாது.

"நாற்றுப்பண்ணையில மண்ணைத் தொடாத ஆளா? அப்போ நீ எனக்கு எதுக்குடி?" என்றாள் போடில். அவள் குரல் மாறாமல் தொடர்ந்தாள்: "ஃபோனை நீ எடு. நான் எடுத்தா பாதிப் பேர் ஓடிப்போயிடறாங்க."

சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு வந்தேன்.

15 மே

பெயர்ச் சோதனை. அறுபது படங்கள். நாலு தப்பு. இரண்டு மாதம் வலிப்பை எண்ணி எழுதச் சொல்லியிருந்தார்கள்: மாதத்துக்குப் பதினான்கு.

22 மே

நாளைக்கு. ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் ஷிரின் இரத்தம் எடுக்க வந்தாள். அவளிடம் கேட்டேன், இந்தச் செல்கள் முதன்முதலில் யாருடையவை என்று.

"பல வருஷத்துக்கு முன்னாடி, குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்த ஒரு ஜோடி. மிஞ்சின ஒரு கருவை ஆராய்ச்சிக்குக் கொடுத்திருக்காங்க. அதுலேர்ந்து வளர்த்தது. அவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

தங்களுக்கே ஏக்கமாயிருந்த ஒரு காலத்தில், முகம் தெரியாத ஒருவருக்கு உதவட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நன்றி சொல்ல முகவரி இல்லை. இங்கே எழுதிவைக்கிறேன்: நன்றி.

25 மே

முடிந்தது. பின்தலையில் ஒரு சின்னத் துளை, இரண்டு தையல். முழுக்கத் தூங்க வைத்துவிட்டார்கள். விழித்ததும் கண்ணைத் திறக்காமலே ஆப்பிள் பெயர்களைச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கண்ணைத் திறந்தால் சிக்ஸ்டென் — தன் காபியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். "என்ன முணுமுணுக்கற?" என்றான். "கிராவென்ஸ்டைன்" என்றேன். மடியெல்லாம் காபியைக் கொட்டிக்கொண்டான்.

11 ஜூன்

தலைவலி. எண்ணிக்கை அதேதான்.

9 ஜூலை

ஒரே நாளில் மூன்று. மூன்று! பண்ணைக் கண்ணாடிக்கூடத்துக்கு வெளியே சரளைக்கல்லில் முகம் குப்புற விழுந்திருக்கிறேன். முன்பல் பாதி போச்சு. போடில்தான் பல்துண்டைத் தேடி எடுத்து, ஒட்டவைக்க முடியலாம் என்று பாலில் போட்டுக் கொடுத்தாள்.

என்னத்துக்கு இதைச் செஞ்சுக்கிட்டேன்? சும்மா இருந்த தலையில எதையோ வாங்கிப் போட்டுக்கிட்டு — மண்ணும் போச்சு, பல்லும் போச்சு. யார் கேட்டா?

ஷிரினுக்கு ஃபோன் செய்து கத்தினேன். நான் ஓய்ந்த பிறகு சொன்னாள்: "ஆய்விலேர்ந்து நீங்க எப்ப வேணாலும் விலகலாம். ஆனா உள்ளே வெச்சதைத் திருப்பி எடுக்க முடியாது. அதை மறைச்சு உங்களைத் தேத்த எனக்கு இஷ்டமில்ல. நாளைக்கு வாங்க, ஸ்கேன் பாத்துடலாம். நானே வாசல்ல நிக்கறேன்."

10 ஜூலை

நின்றாள். அவளுக்கு இன்று விடுமுறை நாள் என்று வரவேற்பு மேசையில் இருந்தவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஸ்கேனில் இரத்தக்கசிவு இல்லை. வீக்கம் இல்லை. ஏன் அதிகமானது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னார்கள். நான் விலகவில்லை.

18 செப்டம்பர்

கடந்த முப்பது நாளில் ஒன்பது. தற்செயலாகவும் இருக்கலாம். சிக்ஸ்டெனிடம் சொல்லவில்லை. அவனும் என்னிடம் சொல்லாமல் எண்ணிக்கொண்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.

30 அக்டோபர்

நான்கு. அதில் இரண்டு வெறும் வாசனையோடு நின்றுவிட்டன, நினைவு தப்பவில்லை.

"நாலு" என்றேன் சாப்பிடும்போது.

"மூணுன்னு வெச்சிருந்தேன். ஒண்ணை விட்டுட்டேன் போல" என்றான்.

அப்போ எண்ணித்தான் இருக்கிறான்!

26 நவம்பர்

மறுபடியும் பெயர்ச் சோதனை. அறுபதில் மூன்று தப்பு. போன முறை நாலு. லிஃப்டில் அழுதேன். கூட நின்ற முதியவர், ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துக்கொண்டு, என் தோளில் தட்டிக் கொடுத்தார். விளக்கவில்லை. அந்தத் தட்டலையும் வாங்கிக்கொண்டேன்.

2 ஜனவரி 2025

நினைவு தப்பிய ஒன்று. வீட்டில், சோபாவில். அடிபடவில்லை.

11 மார்ச்

ஜனவரிக்குப் பிறகு எதுவும் இல்லை. எழுதவே பயமாக இருக்கிறது.

மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலியில் ஒருவர், என்னுடையதைப் போலவே மாத்திரைப் பெட்டி. எனக்கு முன்னால் செல் வைத்துக்கொண்ட மூன்றாவது ஆள் அவர்தான் என்று பேச்சில் தெரிந்தது. ரோலண்ட், பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியராக இருந்தவர்.

"உங்களுக்கு எப்படி?" என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. "ரெண்டு மாசமா இல்ல" என்றேன்.

அவர் தன் மாத்திரைப் பெட்டியை மூடினார். "எனக்கு அப்படியேதான் இருக்கு. ஒண்ணும் மாறல." பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஆனா என்கிட்ட பாத்ததை வெச்சுத்தான் உங்களுக்குச் செல்லோட அளவை மாத்தினாங்களாம். எப்பே சொன்னார். அப்போ இதுல எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கு இல்லையா?"

"கொஞ்சமில்ல" என்றேன். என்னைக் கூப்பிடும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

ரோலண்டுக்குச் சரியாகவில்லை. இதை மறக்கக் கூடாது.

5 ஜூன்

எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள். இரத்தச் சோதனை சரியாக இருந்தால், பதினைந்து நாளில் மண்ணைத் தொடலாம்.

20 ஜூன்

தொட்டேன். போடில் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஃபோனை இனிமே யார் எடுக்கறது?" என்று சலித்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் பட்டறை ஜன்னலைக் காற்றுக்காகத் திறந்துவிட்டு மறந்துபோனேன். பத்து மணிக்குச் சாய்ந்து அடித்த மழையில், சிக்ஸ்டென் நேற்றுத்தான் வார்னிஷ் பூசி நிறுத்தியிருந்த எட்டு அலமாரிக் கதவுகளும் நனைந்து வெளுத்துவிட்டன. ஒரு வார வேலை.

சமையலறைக்குள் வந்தவன் முகம் சிவந்திருந்தது. "வெண்டெலா! உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? வானம் கறுத்துக்கிடக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சிருக்க! எத்தனை தடவை சொல்றது, என் பட்டறைப் பக்கம் வராதேன்னு!"

ஒருதடவைகூட அவன் சொன்னதில்லை. பதினொரு வருடமாக இந்த வீட்டில் யாரும் குரல் உயர்த்தியதில்லை. மன அழுத்தம் வலிப்பைக் கொண்டுவரும் என்று எந்த டாக்டரோ சொன்ன நாளிலிருந்து, அவன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டான்.

"அதுக்கு இப்படியா கத்துவ? திறந்ததே உன் வார்னிஷ் நாத்தம் தாங்காமத்தான்!" என்று நானும் கத்தினேன்.

இருவரும் திடுக்கிட்டு நின்றோம். அவன் என் முகத்தையே பார்த்தான் — கண்கள், உதடுகள், பிறகு கைகள். எந்த வரிசையில் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். நானும் எனக்குள் தேடிப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை. வாசனை ஒன்றுமில்லை. வெளியே மழை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் வரலையா?" என்றான் மெதுவாக.

"வரல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

மூச்சை இழுத்துவிட்டான். நாற்காலியை நகர்த்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"சரி. அப்போ நான் இன்னும் சொல்லி முடிக்கல" என்று மறுபடியும் ஆரம்பித்தான். நானும் விடவில்லை.