ஐந்து பிரதிகள்

செவ்வாய், இரவு

"தன்பால் ஈர்ப்புள்ளவங்களுக்காக காலேஜ்ல குழு நடத்துனத ரெசுமேல போடலாமா டீச்சர்?" என்று, வேலைக்கு ரெசுமே எழுத என்னிடம் வந்த பழைய மாணவன் செல்வம் போன வாரம் கேட்டான்.

"தாராளமா போடு. ரெண்டு வருஷம் தலைவனா இருந்திருக்கியே" என்றேன். வேலை கொடுப்பவர்களை மட்டுமே நினைத்தேன்.

இன்று அவனுக்கு அலைச்சல் வேண்டாமென்று, தாராவியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நானே ஐந்து பிரதிகள் எடுத்தேன். கடைக்காரர் முழுவதும் வாசித்தார். "டீச்சர், இது எங்க அக்கா மவன்லா?" என்றார். தன்னைப் பற்றி வீட்டில் செல்வம் இதுவரை எதுவும் சொன்னதில்லை.

உடனே அவனிடம் போனில் சொன்னேன். மாலையில் அவனே கூப்பிட்டான்.

"மாமா அம்மாட்ட சொல்லிட்டாரு டீச்சர். வடாலா ஸ்டேஷன்லயே உக்காந்திருக்கேன்."

"இங்க வந்துடுப்பா."

போனை வைத்துவிட்டான். அவன் வருவானென்று வாசல் விளக்கை அணைக்கவில்லை. அழுகையும் வரவில்லை.

எனக்கே எழுதி வைக்கிறேன்: இனி யாருக்காவது ரெசுமே எழுதினால், அந்தத் தாள் யார் யார் கண்ணில் படும் என்று முதலில் அவர்களிடம் கேள்.